வரலாற்றுக்கு முந்தைய குடியிருப்புகளும் ரேடியோகார்பன் காலக்கணிப்பும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எழுத்தோ நாணயமோ கிடைக்காத ஒரு குடியிருப்பு எப்போது தொடங்கியது, எத்தனை தலைமுறை நீடித்தது, எப்போது கைவிடப்பட்டது? அகழாய்வுக் குழுக்களும் மாணவர்களும் ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்பும் முன்பும், முடிவு கைக்கு வந்த பிறகும் வழக்கமாகக் கேட்பவற்றுக்கான பதில்கள் இங்கே உள்ளன.

ஆய்வகம் உண்மையில் எதன் வயதை அளக்கிறது?

ஓர் உயிர் தன் சூழலிலிருந்து கார்பன் எடுப்பதை எப்போது நிறுத்தியது என்பதை. அதற்கு மேல் எதையும் இல்லை.

காற்றிலுள்ள கார்பனில் ஏறத்தாழ லட்சம் கோடி அணுக்களுக்கு ஒன்று கார்பன்-14, அதாவது ரேடியோகார்பன். காஸ்மிக் கதிர்கள் மேல் வளிமண்டலத்தில் அதை ஓயாமல் உண்டாக்குகின்றன. செடி ஒளிச்சேர்க்கை வழியாகவும், விலங்கு அந்தச் செடியைத் தின்பதாலும் அதே விகிதத்தைப் பெறுகின்றன. உயிர் போனதும் வரவு நிற்கிறது, சிதைவு மட்டும் தொடர்கிறது. 5730 ஆண்டுகளுக்கு ஒருமுறை மீதமிருப்பது பாதியாகிறது. சிகாகோவில் வில்லார்ட் லிபியும் அவர் குழுவும் 1949இல் இதைக் காலக்கணிப்பாக்கிக் காட்டினார்கள். 1960இல் லிபிக்கு வேதியியல் நோபல் பரிசு கிடைத்தது.

ஆகவே ஆய்வகம் தருவது ஒரு கோதுமை மணி விளைந்த ஆண்டு, ஓர் ஆடு செத்த காலம், ஒரு மரவளையம் உருவான பருவம். வீடு எப்போது கட்டப்பட்டது என்று கருவிக்குத் தெரியாது. அந்த மணிக்கும் வீட்டுக்கும் என்ன உறவு என்று நிறுவுவது அகழாய்வாளரின் வேலை. காலக்கணிப்பில் வரும் பெருந்தவறுகளில் பெரும்பகுதி இந்த உறவில்தான் நேர்கிறது, கருவியில் அல்ல.

எவ்வளவு பழைமை வரை செல்லும்?

சுமார் 50,000 ஆண்டுகள். அந்த வயதில் தொடக்க அளவில் கால் சதவீதம்கூட மிஞ்சாது. துளி நவீன கார்பன் கலந்தாலும் முடிவு பொய்யாகும். அதற்கு முந்தைய வாழிடங்களுக்கு ஒளியுமிழ் முறை, யுரேனியம்-தோரியம் முறை போன்றவற்றைத்தான் நாட வேண்டும். புதிய கற்காலக் குடியிருப்புகள் இந்த முறைக்கு மிக வசதியான இடத்தில் இருக்கின்றன. இன்றைய கருவிகள் அந்தக் கால மாதிரிகளை வழக்கமாக ±25 அல்லது ±30 ஆண்டுத் துல்லியத்தில் அளக்கின்றன.

எந்த மாதிரியை முதலில் தேர்ந்தெடுப்பது?

இரண்டு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள். இந்தப் பொருளின் ஆயுள் குறுகியதா? இது கிடந்த இடத்துக்கும் நாம் தேதியிட விரும்பும் நிகழ்வுக்கும் நேரடித் தொடர்பு இருக்கிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் அனுப்புங்கள்.

முதலிடம், மூட்டோடு மூட்டு பொருந்திய நிலையில் கிடக்கும் எலும்புக்கு. தசைநார் இருந்தபோதே அது மண்ணுக்குள் போயிருக்க வேண்டும், வேறு அடுக்கிலிருந்து புரண்டு வந்திருக்க முடியாது. அதற்கு இணையாகச் சொல்லத்தக்கது, எரிந்துபோன சேமிப்புக் குழியிலோ அடுப்பிலோ ஒரே குவியலாகக் கிடக்கும் கரிந்த தானியம். ஓராண்டுப் பயிர் என்பதால் ஆயுள் குறித்த ஐயம் இல்லை, குவியல் என்பதால் இடம்பெயர்வு குறித்த ஐயமும் குறைவு. அடுத்து, அடுப்பில் எரிந்த சுள்ளிகள், கொட்டை ஓடுகள். அதன்பின், பானையின் உட்புறம் ஒட்டிய கருகல்.

ஒரு தரையின் மேல் சிதறிக் கிடந்த ஒற்றைத் தானியமணியைக் கடைசியில் வையுங்கள். எறும்பும் மண்புழுவும் எலியும் வேரும் சிறுமணிகளை மேலும் கீழும் நகர்த்தும். எகிப்தின் வாடி குபானியாவில் 17,000 ஆண்டுக்கும் பழைமையான அடுக்குகளில் பார்லி கிடைத்ததாக முதலில் கருதப்பட்டது. மணிகளையே நேரடியாக அளந்தபோது அவை 5000 ஆண்டுகூட ஆகாதவை என்று தெரிந்தது. சுற்றியிருந்த கரியின் வயது சரி, அடுக்கின் வயதும் சரி. அந்த மணிகள்தாம் பின்னால் உள்ளே புகுந்தவை. ஒரு பயிர் எப்போது வந்தது என்பது வாதத்தின் மையமாக இருந்தால், அந்தப் பயிரின் விதையையே அளக்க வேண்டும் என்ற நடைமுறை இத்தகைய அனுபவங்களால் வந்தது.

மரக்கரி தாராளமாகக் கிடைக்கிறது. அதையே அனுப்பினால் என்ன?

அனுப்பலாம், ஆனால் எந்த மரம், மரத்தின் எந்தப் பகுதி என்று தெரிந்த பிறகு. மரத்தில் ஒவ்வொரு வளையமும் அது உருவான ஆண்டின் கார்பனைத்தான் வைத்திருக்கும். 300 வயது ஓக் மரத்தை இன்று வெட்டினாலும் அதன் நடுப்பகுதி 300 ஆண்டு பழைமையைக் காட்டும். அந்தத் தூணைப் பழைய வீட்டிலிருந்து பிடுங்கிப் புது வீட்டில் நட்டு, கடைசியில் விறகாக எரித்திருந்தால் இன்னும் கூடும். வறண்ட நிலங்களில் பட்டமரம் பல நூற்றாண்டு மட்காமல் கிடக்கும். அதைப் பொறுக்கி எரித்தவர்களின் அடுப்பு அவர்களைவிட மூத்ததாகத் தெரியும்.

பிழை எப்போதும் ஒரே திசையில் போகும். குடியிருப்பு உண்மையைவிடப் பழையதாகத் தோன்றும். பழைமை அதிகம் வந்தால் மகிழ்ச்சி அடைகிற மனநிலை எல்லா நாட்டு ஆய்வாளரிடமும் உண்டு என்பதால் இந்தப் பிழை எளிதில் தப்பித்துக்கொள்கிறது.

கரியை அனுப்பும் முன் மரவியல் நிபுணர் ஒருவர் உருப்பெருக்கியில் பார்த்து இனத்தைக் குறிக்க வேண்டும். குறுஆயுள் புதர், பட்டையோடு கூடிய சிறு கிளை, சில வளையங்களே கொண்ட சுள்ளி கிடைத்தால் சிக்கல் இல்லை. அடையாளம் காணப்படாத கட்டைக் கரிதான் கைவசம் என்றால், அந்தத் தேதியை ‘இதற்குப் பிந்தையது’ என்ற வரம்பாக மட்டுமே பயன்படுத்துங்கள். பல துண்டுகளை ஒன்றுசேர்த்து ஒரே மாதிரியாக அனுப்பாதீர்கள். வெவ்வேறு வயதுகளின் சராசரி யாருடைய வயதும் அல்ல.

எலும்பு எப்போது நம்பகமானது?

எலும்பின் புரதமான கொலாஜன் மிஞ்சியிருந்தால். வெப்பமும் ஈரமும் மாறிமாறி வரும் நிலங்களிலும் அமில மண்ணிலும் அது விரைவில் அழியும். எலும்பு பார்க்கத் திடமாக இருப்பது சான்றாகாது. அனுப்பும் முன் 5 மில்லிகிராம் அளவு தூளைத் துளையிட்டு எடுத்து நைட்ரஜன் அளவு பார்ப்பது செலவு குறைந்த முன்சோதனை. 0.7 சதவீதத்துக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் கொலாஜன் கிடைக்கும்.

ஒரு கிராம் எலும்பு போதும். அதிலிருந்து எடையில் குறைந்தது 1 சதவீதம், அதாவது 10 மில்லிகிராம் கொலாஜன் வர வேண்டும். பிரித்தெடுத்த கொலாஜனில் கார்பன்-நைட்ரஜன் அணு விகிதம் 2.9க்கும் 3.6க்கும் இடையில் இருக்க வேண்டும். 3.6ஐத் தாண்டினால் மட்கிய தாவரங்களிலிருந்து மண்ணில் சேரும் ஹியூமிக் அமிலமோ, அருங்காட்சியகப் பசையோ ஏறியிருக்கக்கூடும். இந்த விகிதத்தை அறிக்கையில் தராத ஆய்வகத்திடம் கேட்டு வாங்குங்கள்.

கறுப்பாகக் கருகிய எலும்பில் கொலாஜன் சிதைந்திருக்கும், அதைத் தவிர்க்கவும். 600 டிகிரி செல்சியஸுக்கு மேல் வெந்து முழு வெண்மையான எலும்பை வேறு வழியில், அதன் கனிமப் பகுதியின் கார்பனேட்டை வைத்து அளக்கலாம். எரியும்போது விறகின் புகையிலிருந்த கார்பனும் எலும்புக்குள் ஏறும். முதிய கட்டையை விறகாக்கியிருந்தால் அதன் வயதும் சேர்ந்துவிடும்.

மீன் தின்றவர்களின் எலும்பு, கிளிஞ்சல் ஆகியவற்றில் என்ன சிக்கல்?

கடல்நீரில் பழைய கார்பன் தேங்கியிருக்கிறது. கடல் உயிரிகள் வாழும்போதே சில நூறு ஆண்டு ‘வயதுடன்’ இருக்கின்றன. ஆழ்கடல் நீர் மேலெழும் கரையோரங்களில் இந்த வித்தியாசம் இன்னும் பெரிது. கடல் மாதிரிகளுக்கு மரைன்20 என்ற தனி வளைவு உண்டு. அதோடு உள்ளூர்த் திருத்தமும் சேர்க்க வேண்டும்.

நன்னீர் இதைவிடத் தொல்லை. சுண்ணாம்புப் பாறை வழியே வரும் ஆறு கார்பன்-14 சற்றும் இல்லாத கார்பனைக் கரைத்துக் கொண்டுவரும். அந்த நீரில் வளர்ந்த மீனுக்கும் அதைத் தின்ற மனிதருக்கும் அது போய்ச் சேரும். தன்யூப் ஆற்றின் இரும்புவாயில் பள்ளத்தாக்கில், லெபென்ஸ்கி வீர் உள்ளிட்ட குடியிருப்புகளின் மனித எலும்புகள் அதே புதைப்பில் கிடைத்த நிலவிலங்கு எலும்புகளைவிடச் சில நூறு ஆண்டுகள் மூத்தவையாகத் தெரிந்தன. மீன் உணவே காரணம்.

ஆற்றங்கரை, ஏரிக்கரைக் குடியிருப்புகளில் மனித எலும்பைத் தனியாக நம்பாதீர்கள். ஒரே குழியில் கிடைத்த மான் அல்லது ஆட்டு எலும்பையும் சேர்த்து அளந்து வித்தியாசத்தைக் கண்டுபிடியுங்கள். மனித எலும்பில் நைட்ரஜன்-15 (நைட்ரஜனின் கனமான வகை) அளவு உயர்ந்திருந்தால் மீன் உணவு குறித்து எச்சரிக்கையாகுங்கள். பானைக் கருகலுக்கும் இதே விதிதான். அதில் வெந்தது மீனாக இருக்கலாம். பானைச் சுவருக்குள் ஊறிய கொழுப்பு அமிலங்களைத் தனியே பிரித்து அளக்கும் முறை 2020இல் விரிவாக நிறுவப்பட்டது. அதற்குத் தேர்ந்த ஆய்வகம் தேவை.

களத்தில் மாதிரியை எப்படி எடுப்பது?

தோண்டும் முன்பே எந்த அடுக்குகளின் தேதி தேவை என்று முடிவு செய்யுங்கள். குழி மூடப்பட்ட பிறகு பெட்டியில் இருப்பதிலிருந்து பொறுக்குவது கடைசி வழி.

கரியையோ எலும்பையோ சுத்தமான உலோகக் கரண்டியாலோ இடுக்கியாலோ எடுங்கள். வெறுங்கைப் பிசுபிசுப்பைவிடக் கையில் பூசிய களிம்பும் சிகரெட் சாம்பலும் மோசம். அலுமினியத் தாளில் மடித்துக் கெட்டியான பையில் போடுங்கள், அல்லது கண்ணாடிக் குப்பியில் இடுங்கள். காகிதம், பஞ்சு, துணி வேண்டாம், அவை இன்றைய தாவரக் கார்பன். காகிதச் சீட்டைப் பைக்குள் போடாமல் இரட்டைப் பைகளுக்கு நடுவே வையுங்கள். எலும்பில் பசை, மெழுகு, பலப்படுத்தும் திரவம் எதையும் பூசாதீர்கள். பூசியே தீர வேண்டும் என்றால் முன்னதாக ஒரு துண்டைத் தனியே எடுத்துவைத்து, பூசிய பொருளின் பெயரைக் குறியுங்கள்.

ஈரமாகப் பையில் அடைத்தால் பூஞ்சை வளரும். நிழலில் உலர்த்துங்கள், உலர்த்த வாய்ப்பில்லை என்றால் குளிர்பெட்டியில் வையுங்கள். தானியங்களுக்கு மண்ணை நீரில் மிதக்கவிட்டு, மிதந்து வருவதை 0.3 மில்லிமீட்டர் வலையில் பிடிப்பார்கள். அடுத்த மண்ணுக்கு முன் தொட்டியும் வலையும் கழுவப்பட வேண்டும். முந்தைய குழியின் ஒரு மணி வலையில் ஒட்டியிருந்தால் போதும், ஒரு தேதி பாழ்.

பதிவேட்டில் எழுத வேண்டியவை: அகழிக்குழி, அடுக்கு எண், கடல்மட்டத்திலிருந்து உயரம், மேலும் கீழும் உள்ள அடுக்குகள், அருகே எலிவளையோ வேரோ உண்டா, எந்த நிகழ்வின் தேதியை இது தரும் என்று நினைக்கிறீர்கள். ‘தரையிலிருந்து இத்தனை சென்டிமீட்டர் ஆழம்’ என்ற ஒரே குறிப்பு போதாது. ஒரே ஆழத்தில் ஒரு பக்கம் பழைய தரையும் மறுபக்கம் அதை வெட்டி இறங்கிய பிற்காலக் குப்பைக்குழியும் இருக்கும்.

எவ்வளவு அனுப்ப வேண்டும்?

கார்பன்-14 அணுக்களை நேரடியாக எண்ணும் முடுக்கி நிறைமாலைமானி வந்தபின் அளவு வெகுவாகக் குறைந்துவிட்டது. 1970களின் இறுதிக்கு முன், சிதைவுகளை எண்ணும் பழைய முறைக்குக் கிராம் கணக்கில் தூய கார்பன் வேண்டியிருந்தது. இப்போது ஒரு மில்லிகிராம் போதும்.

ஒரு கரிந்த பார்லி மணி சுமார் 10 மில்லிகிராம். வேதிச் சுத்திகரிப்பில் பாதி கரைந்து போகலாம், எஞ்சியதில் பாதிக்கு மேல் கார்பன். ஆக, ஒரே மணியிலிருந்து தேவைக்கு இருமடங்குக்கு மேல் கிடைக்கும். மரக்கரி என்றால் 20 முதல் 50 மில்லிகிராம். எலும்பு 1 கிராம், நிலை மோசமானால் 2 கிராம். முழுவதையும் அனுப்பிவிடாதீர்கள். மறுசோதனைக்குப் பாதி மீதம் இருக்கட்டும்.

ஆய்வகத்தில் என்ன நடக்கிறது?

கரிக்கும் விதைக்கும் அமிலம்-காரம்-அமிலம் என்ற வரிசை. முதல் ஹைட்ரோகுளோரிக் அமிலம் மண்ணின் கார்பனேட்டை நீக்கும். அடுத்து சோடியம் ஹைட்ராக்சைடு, மண்ணிலிருந்து ஊறிய ஹியூமிக் அமிலங்களைக் கரைத்தெடுக்கும். கரைசல் தேயிலைச் சாறு நிறத்தில் இறங்கும், நிறம் தெளியும் வரை மாற்றுவார்கள். காரம் காற்றிலுள்ள கரியமில வாயுவையும் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் கடைசியாக மீண்டும் அமிலம். நலிந்த கரி காரத்தில் முழுதாகக் கரைந்துவிடுவதும் உண்டு. அப்போது கரைந்த பகுதியை அளந்து தருவார்கள், அதன் நம்பகம் குறைவு என்பதை நினைவில் கொள்ளுங்கள்.

எலும்பில் கனிமத்தை அமிலத்தால் கரைத்து, எஞ்சியதை மென் அமில நீரில் 70 டிகிரிக்கு மேல் பல மணி நேரம் வைத்து ஜெலட்டினாக்குவார்கள். பல ஆய்வகங்கள் அதை நுண்வடிகட்டியில் செலுத்திப் பெரிய மூலக்கூறுகளை மட்டும் எடுக்கும்.

சுத்தமான பொருளைச் சுமார் 900 டிகிரியில் தாமிர ஆக்சைடுடன் எரித்துக் கரியமில வாயுவாக்கி, இரும்புத் தூளின் மேல் ஹைட்ரஜனுடன் வினைபுரியச் செய்து கிராஃபைட்டாக மாற்றுவார்கள். அதைச் சிறு அலுமினியக் குழிவில் அழுத்திக் கருவியில் ஏற்றுவார்கள். கூடவே வயது தெரிந்த மாதிரிகளும், கார்பன்-14 அறவே இல்லாத பழம்பொருளும் ஓடும். பின்னது சுத்திகரிப்பின்போது நுழைந்த மாசைக் காட்டிக்கொடுக்கும்.

மாசு கலந்தால் எவ்வளவு தவறும்?

வயதைப் பொறுத்தது. உண்மையில் 5000 ரேடியோகார்பன் ஆண்டு வயதுள்ள மாதிரியில் 1 சதவீதம் நவீன கார்பன் கலந்தால் முடிவு சுமார் 4930 என வரும், 70 ஆண்டு இளமை. அதே 1 சதவீதம் 40,000 ஆண்டு மாதிரியில் கலந்தால் சுமார் 32,800 எனக் காட்டும், 7000 ஆண்டுக்கு மேல் இளமை. மறுபுறம், நிலக்கரி அல்லது பெட்ரோலியப் பசை போன்ற செத்த கார்பன் 1 சதவீதம் கலந்தால் எந்த வயதிலும் சுமார் 80 ஆண்டு மட்டுமே மூப்பு கூடும்.

புதிய கற்காலக் குடியிருப்பில் மாசைவிட மாதிரித் தேர்வே பெரிய அபாயம். பழைய கற்காலத்தில் மாசு முதலிடத்துக்கு வந்துவிடும்.

முடிவு ‘4500 ± 30 பி.பி.’ என்று வந்திருக்கிறது. 1950ஐக் கழித்தால் கி.மு. ஆண்டு கிடைக்குமா?

கிடைக்காது. இந்த எண் மூன்று வழக்கங்களின்படி கணக்கிடப்பட்டது. பி.பி. என்றால் ‘இன்றைக்கு முன்’, அந்த ‘இன்று’ 1950. லிபி பயன்படுத்திய 5568 ஆண்டு அரைஆயுளே இன்றும் கணக்கில் கொள்ளப்படுகிறது, பழைய தேதிகளோடு ஒப்பிட வசதியாக. மூன்றாவதாக, காற்றில் கார்பன்-14 அளவு எப்போதும் ஒன்றே என்ற அனுமானம். கடைசி அனுமானம் உண்மையல்ல. சூரியனின் செயல்பாடும் பூமியின் காந்தப்புலமும் அதை ஏற்றி இறக்கியிருக்கின்றன.

எனவே, ஆண்டு தெரிந்த மரவளையங்களை அளந்து உருவாக்கிய வளைவோடு ஒப்பிட்டு நாட்காட்டி ஆண்டாக மாற்ற வேண்டும். இப்போது வழக்கிலுள்ளது 2020இல் வெளியான இன்ட்கேல்20, 55,000 ஆண்டு வரை செல்லும். தென் அரைக்கோளத்துக்கு எஸ்எச்கேல்20. ஆக்ஸ்கேல், கேலிப் என்ற மென்பொருள்கள் இதைச் செய்கின்றன.

4500 ± 30 பி.பி. என்பது இன்ட்கேல்20இல் 95 சதவீத நிகழ்தகவுடன் ஏறத்தாழ கி.மு. 3350 முதல் 3100 வரை. 1950ஐக் கழித்தவருக்கு கி.மு. 2550 கிடைத்திருக்கும்!

1960களில் ஹான்ஸ் சூயெஸ் நெடுங்காலம் வாழும் பிரிஸில்கோன் பைன் மரங்களைக் கொண்டு முதல் வளைவுகளை வரைந்தபோது ஐரோப்பியத் தொல்லியலில் பெரிய குழப்பமே வந்தது. எகிப்திலிருந்து கற்றுக்கொண்டு கட்டியவை என்று சொல்லப்பட்ட பிரெத்தானியப் பெருங்கற்சின்னங்கள் பிரமிடுகளைவிட மூத்தவை ஆகிவிட்டன.

±30 என்ற பிழை 250 ஆண்டு வீச்சாக விரிந்தது ஏன்?

வளைவு அங்கே தட்டையாகக் கிடக்கிறது. சில நூற்றாண்டுகளில் காற்றின் கார்பன்-14 இறங்கிய வேகமும் பழையது சிதைந்த வேகமும் சமமாகிவிட்டதால், வேறுவேறு ஆண்டு மாதிரிகள் ஒரே ரேடியோகார்பன் வயதைக் காட்டும். மேலே சொன்ன கி.மு. 3350–3100 அப்படி ஒன்று. இரும்புக்காலத்தை ஆராய்பவர்களுக்கு ஹால்ஸ்டாட் தட்டை தலைவலி: 2450 ± 30 பி.பி. என்பது கி.மு. 755க்கும் 410க்கும் இடையில் எங்கு வேண்டுமானாலும் இருக்கலாம். இங்கே நடுப்புள்ளியை எடுத்து ‘கி.மு. 580’ என்று எழுதுவது காலக்கணிப்பு ஆகாது. அந்த ஆண்டுக்கு அண்டை ஆண்டுகளைவிடத் தனிச்சிறப்பு எதுவும் கிடையாது.

கருவியின் துல்லியத்தைக் கூட்டினால் தட்டை தீராது. அடுக்குவரிசைத் தகவலோ மரவளையத் தொடரோ துணைக்கு வர வேண்டும்.

ஒரே குழியின் இரண்டு முடிவுகள் வேறுபடுகின்றன. எதை நம்புவது?

முதலில் அவை உண்மையில் வேறுபடுகின்றனவா என்று பாருங்கள். 4520 ± 30, 4440 ± 30 என்று வந்திருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 80. அதன் வர்க்கம் 6400. இரு பிழைகளின் வர்க்கங்களைக் கூட்டினால் 1800. வகுத்தால் 3.56. இரண்டு மாதிரிக்கான 5 சதவீத வரம்பு 3.84. அதைத் தாண்டாததால் இரண்டும் ஒரே வயதுடையவையாக இருக்கலாம். ஒரே விலங்கின் எலும்பு போல, உறுதியாக ஒரே வயது என்றால் மட்டும் சராசரி எடுக்கலாம்: 4480 ± 21.

முதல் முடிவு 4550ஆக இருந்திருந்தால் அதே கணக்கு 6.72 தரும். அப்போது ஒன்று பழைய மண்ணிலிருந்து புரண்டு வந்தது, அல்லது மற்றொன்று பின்னால் புகுந்தது. குழியை மூடிய காலத்துக்கு நெருக்கமானது பொதுவாக இளையதுதான், அது எலிவளை வழியே வரவில்லை என்றால். இதற்காகத்தான் முக்கியமான குழிகளிலிருந்து இரண்டு மாதிரி அனுப்பச் சொல்கிறோம். ஒற்றை முடிவில் இந்தத் தவறு வெளியே தெரியாது.

குடியிருப்பின் தொடக்கத்தையும் முடிவையும் எப்படிக் கணக்கிடுவது?

மிகப் பழைய தேதியைத் தொடக்கம் என்றும் மிக இளையதை முடிவு என்றும் எடுத்துக்கொள்வதுதான் பரவலான பிழை. ஒரே ஆண்டில் அறுவடையான 30 மணிகளை ±30 துல்லியத்தில் அளந்தாலும், புள்ளியியல் சிதறலால் மட்டுமே முதலுக்கும் கடைசிக்கும் இடையே சுமார் 120 ரேடியோகார்பன் ஆண்டு இடைவெளி வரும். நாட்காட்டி ஆண்டாக மாற்றினால் அது இன்னும் விரியும். ஒரே பருவம் மட்டும் வாழ்ந்த ஊருக்குப் பல நூற்றாண்டு வரலாறு முளைத்துவிடும். மாதிரிகளின் எண்ணிக்கை கூடக்கூட இந்தப் பிழையும் கூடும்.

தீர்வு, பேயஸ் புள்ளியியல் மாதிரியமைப்பு. உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவற்றைக் கணக்குக்குள் சொல்கிறீர்கள்: இந்தத் தேதிகள் எல்லாம் ஒரே குடியிருப்பைச் சேர்ந்தவை, அதற்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு, இந்த அடுப்பு அந்தத் தரைக்கு மேலே இருக்கிறது. ஆக்ஸ்கேலில் வரிசைக்கு சீக்வன்ஸ், வரிசை தெரியாத தொகுப்புக்கு ஃபேஸ், தொடக்க முடிவுகளுக்கு பவுண்டரி என்ற கட்டளைகள். பவுண்டரி போட மறந்தால் சிதறல் திருத்தப்படாது. புதியவர்கள் தவறுமிடம் இதுதான்.

அடுக்கு வரிசை மாதிரிகளின் வரிசை ஆகாது என்பதும் முக்கியம். மேலடுக்கில் கிடந்த எலும்பு கீழடுக்கிலிருந்து தோண்டி எறியப்பட்டதாக இருக்கலாம். வரிசைக்குள் வைக்கத் தகுதியுள்ளவை அங்கேயே எரிந்த, அங்கேயே கிடத்தப்பட்ட மாதிரிகள் மட்டுமே.

இதன் பலன் சிறியதல்ல. இங்கிலாந்தின் வெஸ்ட் கென்னட் நீள்மேடு என்ற புதிய கற்காலக் கல்லறையில் முதற்கட்டப் புதைப்புகள் நெடுங்காலம் நடந்ததாக நம்பப்பட்டது. மாதிரியமைப்பு அதை ஒரு தலைமுறை அளவுக்குச் சுருக்கிவிட்டது. வாழிடங்களிலும் இப்படித்தான், ‘நெடிய காலக்கட்டம்’ என்று எழுதப்பட்டவை சில தலைமுறைகளாகச் சுருங்குவது அடிக்கடி நடக்கிறது.

ஒரு தேதி மட்டும் பொருந்தவில்லை. நீக்கிவிடலாமா?

காரணம் இல்லாமல் கூடாது. ஒரு தேதி மாதிரியமைப்போடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்ட ஆக்ஸ்கேல் தரும் இசைவுக் குறியீடு 60க்குக் கீழே போனால் அது விசாரணைக்கான அழைப்பு, தீர்ப்பு அல்ல. இருபது தேதியில் ஒன்று தற்செயலாகவே விலகும். அகழாய்வுக் குறிப்பேட்டைத் திறந்து அந்த மாதிரியின் இடத்தைப் பாருங்கள். வேர், வளை, கொலாஜன் விகிதம், மீன் உணவு என்று ஏதாவது கிடைத்தால் அதை எழுதிவைத்து நீக்குங்கள். கிடைக்காவிட்டால் விலகல் மாதிரியமைப்பைப் பயன்படுத்தி அதன் எடையைக் குறையுங்கள். நீக்கிய தேதியும் அட்டவணையில் இடம்பெற வேண்டும்.

எத்தனை தேதிகள் தேவை?

நிலையான எண் கிடையாது. கேள்வி ‘எந்த ஆயிரமாண்டு?’ என்றால் நல்ல இடத்திலிருந்து மூன்று நான்கு போதும். ‘எத்தனை தலைமுறை வாழ்ந்தார்கள்?’ என்றால் பத்துக் கணக்கில் வேண்டும். ஆக்ஸ்கேலில் ஆர்-சிமுலேட் கட்டளையைக் கொண்டு, எதிர்பார்க்கும் காலத்துக்குப் போலித் தேதிகளை உருவாக்கி மாதிரியமைப்பை ஓட்டிப் பாருங்கள். 10 தேதியில் கிடைக்கும் வீச்சும் 30 தேதியில் கிடைக்கும் வீச்சும் முன்கூட்டியே தெரிந்துவிடும். தட்டைக்குள் விழுந்தால் 60 அனுப்பினாலும் பயனில்லை என்பதும் தெரியும். எல்லாவற்றையும் ஒரே தடவையில் அனுப்பாமல் சுற்றுச்சுற்றாக அனுப்புங்கள். முதல் சுற்று எங்கே ஓட்டை என்று காட்டும்.

ஓர் ஆண்டுவரை துல்லியம் சாத்தியமா?

மரம் கிடைத்தால், ஆம். ஒரு தூணில் 10 வளையங்களுக்கு ஒருமுறை என ஐந்தாறு மாதிரி எடுத்தால், அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி துல்லியமாகத் தெரியும் என்பதால் வளைவின் மேடுபள்ளத்தோடு பொருத்தலாம். தட்டைகளைக்கூட இது கடக்கும். பட்டைக்கு அடியிலுள்ள கடைசி வளையம் இருந்தால் வெட்டிய ஆண்டுக்கு மிக அருகில் போகலாம்.

இன்னொரு வழி, காற்றின் கார்பன்-14ஐத் திடீரென உயர்த்தும் சூரியத் துகள் புயல்கள். கி.பி. 774–775இல் கார்பன்-14 திடீரென எகிறியதை 2012இல் மியாக்கே குழுவினர் ஜப்பானிய மரவளையங்களில் கண்டார்கள். அத்தகைய ஏற்றம் கி.மு. 5259இலும் உண்டு. கிரேக்கத்தில் ஒரெஸ்தியாடா ஏரிக்கரையிலுள்ள டிஸ்பிலியோ என்ற புதிய கற்காலக் குடியிருப்பின் 787 மரத்துண்டுகளிலிருந்து 303 ஆண்டு நீள வளையத் தொடர் ஒன்று கிடைத்தது. அதற்குள் இந்த ஏற்றம் தென்பட்டதால் தொடர் கி.மு. 5140இல் முடிகிறது என்று 2024இல் ஆண்டு பிசகாமல் நிறுவினார்கள். நீரில் மூழ்கிப் பாதுகாக்கப்பட்ட மரம் இருந்ததால் இது கைகூடியது. மண்சுவர்க் குடியிருப்புகளுக்கு இந்த வாய்ப்பு அரிது.

ஒரு வட்டாரத்தின் எல்லாத் தேதிகளையும் கூட்டி மக்கள்தொகை வரைபடம் போடலாமா?

பலர் போடுகிறார்கள். வளைவின் தட்டைகளும் செங்குத்துகளும் வரைபடத்தில் போலியான ஏற்ற இறக்கங்களாக வரும், பழைய மண் அதிகம் அரித்துப் போயிருக்கும், ஒரே குழியிலிருந்து 40 தேதி எடுத்த பணக்காரத் திட்டம் பெருநகரம் போலத் தெரியும். இவற்றைச் சோதிக்கும் முறைகள் உண்டு. அந்தச் சோதனை இல்லாத வரைபடத்தை நம்ப வேண்டியதில்லை.

அறிக்கையில் எதையெல்லாம் வெளியிட வேண்டும்?

ஆய்வகக் குறியீட்டு எண், திருத்தப்படாத (நாட்காட்டி ஆண்டாக மாற்றாத) ரேடியோகார்பன் வயதும் பிழையும், மாதிரி எந்த இனத்தின் எந்தப் பகுதி, எந்த அடுக்கு, சுத்திகரித்த முறை, எலும்பு என்றால் கொலாஜன் சதவீதமும் கார்பன்-நைட்ரஜன் விகிதமும், கார்பன்-13 அளவு, பயன்படுத்திய வளைவு, மென்பொருளின் பதிப்பு, 95 சதவீத வீச்சு. மாதிரியமைப்பு செய்திருந்தால் அதன் கட்டளைத் தொகுப்பு முழுவதும்.

திருத்தப்படாத வயது விடுபட்டால் பெரிய இழப்பு. வளைவு சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகிறது. இன்ட்கேல்13க்குப் பின் இன்ட்கேல்20 வந்தது, அடுத்ததும் வரும். மூல எண் இருந்தால் யாரும் ஒரு நிமிடத்தில் மறுகணக்கிடலாம். ‘கி.மு. 3200’ என்ற முடிவு மட்டும் அச்சானால் எந்த அரைஆயுள், எந்த வளைவு, நடுப்புள்ளியா ஓரப்புள்ளியா என்று எவராலும் மீட்டெடுக்க முடியாது. மாதிரியமைப்பிலிருந்து வந்த வீச்சுகளைச் சாய்வெழுத்தில் அச்சிட்டு, நேரடி வீச்சுகளிலிருந்து வேறுபடுத்துவது துறையின் வழக்கம்.